நகர் ஒலியும் கேட்போர் நிலையும்: மதுரையை முன்வைத்து ஒரு நோக்கு

நகர ஒலிகளை ஆராய்வோர் பெரிதும் துணைக்கொள்வது, கனடிய இசையறிஞர் ஆர். மரே ஷேஃபர் 1977ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி டியூனிங் ஆஃப் த வோர்ல்ட்' என்னும் நூலாகும். நாட்டுப்புறத்தில் ஒவ்வோர் ஒலியும் தெளிவாகப் பிரிந்து கேட்கிறது. நகரத்தில் ஒலிகள் ஒன்றையொன்று மூடி மறைக்கின்றன என்பது அவர் கருத்து. இம்மாற்றத்தை அவர் ஒரு வீழ்ச்சியாகவே காண்கிறார். இவ்வளவுகோலைத் தமிழ் இலக்கியத்தின்மீது அப்படியே சுமத்துதல் பொருந்தாது என நாம் கருதுகிறோம்.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகளில் பாண்டியன் நெடுஞ்செழியனின் தலைநகரைக் காட்டுகிறது. அல்லங்காடியின் ஆரவாரம் பல்வகைப் பறவைகளின் ஒலிக்கு அங்கே உவமிக்கப்படுகிறது. விடியலில் மறையோதும் குரலும் யாழிசையும் கதவு திறக்கும் ஓசையும் முரசின் முழக்கமும் அடுத்தடுத்து எழுகின்றன. ஒலிகள் மிகுந்துள்ளன, ஆயினும் ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் பொழுதையும் தொழிலையும் அறிவிக்கிறது. ஷேஃபர் இழப்பாகக் காணும் ஒலிப்பெருக்கம் இங்கு வளத்தின் அடையாளமாகிறது.

இதனைக் கொண்டு, பழந்தமிழர் நகர ஆரவாரத்தை எப்போதும் கொண்டாடினர் என முடிவு கட்டுவதும் பிழையாகும். சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதை இதற்குத் தக்க சான்று. மதுரைப் புறத்தை அடைந்தோரைக் கடலொலி போன்ற நகரின் ஆரவாரம் எதிர்கொள்கிறது. அவர்தம் துயரும் நீங்குகிறது. அதே காதையின் இறுதியில், மதிற்கொடிகள் வரவேண்டாவெனக் கைகாட்டுவனபோல் அசைகின்றன. செவிக்கு வரவேற்பாகவும் கண்ணுக்குத் தடையாகவும் நகர் தோன்றுகிறது. கோவலன் உயிர் இழக்கப்போவதும் அந்நகரிலேதான். அடைக்கலம் தேடி வந்தோரின் நம்பிக்கையே அவ்வொலியை வரவேற்பாக்கியது எனலாம்.

தொல்காப்பிய உரியியல் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கையும் அரவப் பொருளில் வைக்கிறது. அவற்றுள் அழுங்கலுக்கு இரக்கம், கேடு என்னும் பொருள்களையும் உரைக்கிறது. ஆரவாரமும் அழிவும் ஒரே சொல்லில் அடங்கும் என்பதை இலக்கணமே அறிந்திருந்தது.

இச்சிக்கல் பழமையோடு நின்றுவிடவில்லை. சிங்கப்பூரில் 1970களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் உட்புறமாகத் திருப்பப்பட்டு, தொழுகை அழைப்பு வானொலிவழி ஒலிபரப்பப்பட்டது. டோங் சூன் லீ 1999ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஓர் ஒலி எட்டும் எல்லைக்குள் வாழ்வோர் ஒரு சமூகமாவர் என்னும் ஷேஃபரின் மற்றொரு கருத்து இங்குப் பெரிதும் பயன்படுகிறது. அடுக்குமாடி வாழ்வில் அவ்வெல்லைக்குள் பல சமூகங்கள் உறைகின்றன. ஒருவருக்கு அழைப்பாவது அண்டை வீட்டாருக்கு இரைச்சலாகலாம். டெசிபல் அளவு ஒலியின் வலிமையைச் சொல்லும். கேட்பவருக்கும் அவ்வொலிக்கும் உள்ள உறவைச் சொல்லாது.

ஆகவே, வகுப்பறையில் கம்பலை, கலி, ஓதை, ஆர்ப்பு அனைத்திற்கும் 'சத்தம்' என ஒரே பொருள் எழுதிப்போடுவது போதாது. ஒலித்தது யாது என்பதோடு கேட்டவர் யார், எந்நிலையில் கேட்டார் என்றும் வினவுதல் வேண்டும். பல இனத்தார் நெருங்கி வாழும் நகரில் வளரும் நம் மாணவர்க்கு அவ்வினா பாடநூலுக்கு அப்பாலும் பயன்படும்.