கடலைப் பார்க்கும் வராந்தா

உருவம், உள்ளடக்கம் என்ற சர்ச்சையை நாம் கவிதையை வைத்தே நடத்திவருகிறோம். செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்து நடத்தினால் பிரச்னை இன்னும் ஸ்தூலமாகப் புலப்படும். ஒரு கட்டிடம் அப்படியே இருக்க, அதன் உபயோகம் மட்டும் மாறினால், நாம் பார்ப்பது அதே கட்டிடம்தானா? தரங்கம்பாடியின் கடற்கரை பங்களா இக்கேள்வியை எழுப்புகிறது.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் இங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல், செராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்து நிற்கும் இந்த இரண்டு தள பங்களா ஆங்கிலேய நிர்வாகியின் வாசஸ்தலமாக இருந்தது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் நீம்ரானா நிறுவனம் இதைப் புதுப்பித்து விடுதியாக்கியது.

இதன் கட்டிடக்கலை என்பது பெரும்பாலும் வராந்தாதான். தூண்வரிசை கொண்ட வராந்தா வெயிலைச் சுவரில் படவிடாமல் தடுக்கிறது. கடற்காற்றை அறைகளுக்குள் அனுப்புகிறது. இது சீதோஷ்ணத்துக்கு அளிக்கப்பட்ட புத்திசாலித்தனமான பதில், சந்தேகமில்லை. ஆனால் இதே ஊரின் தட்டாரத் தெருவில், புதுப்பிக்கப்பட்ட ஓட்டு வீடுகளின் திண்ணைகளைப் பாருங்கள். அவையும் வெயிலுக்குப் பதில்தான். திண்ணை தெருவோடு ஒட்டியது. வழிப்போக்கன் யாரையும் கேட்காமல் உட்காரலாம். (எந்த வழிப்போக்கன் என்பதை ஜாதி தீர்மானித்தது என்பதையும் மறக்க வேண்டாம்.) வராந்தா மதிலுக்கு உள்ளே, உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்க்கலாம், அங்கே போய் உட்கார அனுமதி வேண்டும். ஒன்று உட்காரும் இடம். மற்றது பார்க்கும் இடம். அதிகாரமும் சௌகரியமும் இங்கே ஒரே தூணில் சாய்ந்துகொண்டிருக்கின்றன.

நிர்வாகியின் பார்வைக்கு ஒரு காரியம் இருந்தது. அவனுக்குக் கடல் என்பது சரக்கு, வரி, கடிதம். விடுதி விருந்தாளிக்குக் கடல் என்பது காட்சி. அவன் கொடுக்கும் வாடகை கட்டிலுக்கு அல்ல, அந்தக் காட்சிக்கு. தூண் ஒன்றுகூட நகரவில்லை. ஆனால் பார்வையே பண்டமாகிவிட்டது. அறைகளுக்குப் பழைய டேனிஷ் கப்பல்களின் பெயர்களைச் சூட்டினார்கள். கப்பல் ஏற்றிச் சென்றதும் இறக்கியதும் மறைந்து, பெயரின் ஓசை மட்டும் கதவில் மிஞ்சியது.

ஊரின் பெயருக்கும் இதே கதிதான். அலைகள் பாடும் ஊர் என்று சுற்றுலாப் பிரசுரங்கள் உருகுகின்றன. பதினான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்வது சடங்கன்பாடி. பாடி என்றால் குடியிருப்பு, பாட்டு அல்ல. குடியிருப்பைப் பாட்டாக மாற்றிய மொழிபெயர்ப்புதான் விடுதியின் மொழிபெயர்ப்பும்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் வசித்த மீனவர்கள் அப்பால் போனால்தான் புது வீட்டுக்கு அரசு உதவி என்றாயிற்று. பாதுகாப்பு என்ற வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் கரையில் வலை உலர்த்துகிறவன், படகைக் கண்ணெதிரில் வைத்திருக்க வேண்டியவன், கடலைப் பார்த்தது பிழைப்புக்காக. அவன் பார்வை தள்ளிப் போகலாம். காசு கொடுத்து வாங்கும் பார்வை கரையிலேயே நிற்கலாம். கட்டிடக்கலை விமர்சனம் தூணின் அழகோடு நின்றுவிட்டால் இந்த முரண் அதன் கண்ணில் படாது.

இடித்துவிட்டுக் கான்கிரீட் பெட்டி எழுப்பாமல் காப்பாற்றியதை நான் குறைகூறவில்லை. இடிப்பதுதான் நம் பொது ருசி. கடலோரம் 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியை அலை அரித்துக்கொண்டு போனதையும் நாம் வெகுகாலம் வேடிக்கைதான் பார்த்தோம். என் ஆட்சேபம் வேறு. புதுப்பித்தல் என்பதும் ஒரு விமர்சனச் செயல். எதை மீட்கிறோம், எதை மறக்கிறோம் என்று அது தேர்ந்தெடுக்கிறது. கப்பலின் பெயரை எழுதுகிறவன் அது சுமந்த சரக்கின் பெயரையும் எழுதட்டும்.

நம் நாவல்களில் அடிக்கடி வரும் பூர்வீக வீடுகளையும் இதே கேள்வியோடு படிக்க வேண்டும். முற்றம், ஊஞ்சல், தூண் என்று ஏக்கத்தோடு அடுக்குகிறார்கள். அந்த முற்றத்தை யார் பெருக்கினார்கள், யார் வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்பது இல்லாவிட்டால், அதுவும் வாடகைக்கு விடப்பட்ட வராந்தாதான்.