சாவி போட்டதும் ஒரு முனகல்

இடையில் யாரோ கார்புரேட்டர் மாட்டிவிட்ட அம்பாசிடர் 1.8 எம்.பி.எஃப்.ஐ.யை மறுபடி இன்ஜெக்‌ஷனுக்குக் கொண்டுவருவது நின்று ரசிக்க வேண்டிய வேலை. அனகாபுத்தூர் நெசவாளர் அறுந்த இழையைத் தேடி முடிவதுபோல, வெட்டிப்போட்ட வயர்களை நிறம் பார்த்துச் சேர்த்து, ஈயம் வைத்து, ஸ்லீவ் மாட்டிச் சூடு காட்டுகிறார் எலெக்ட்ரீஷியன். அவசரமே கிடையாது. கழுவிய இன்ஜெக்டர்கள் நான்கும் பெஞ்சில் ஒரே மாதிரி தூறலாக அடித்தால்தான் மெக்கானிக் கையில் எடுப்பார். ஓ-ரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய், விரலால் லேசாக ஒரு திருகல், ‘பொதக்’கென்று உட்காருகிறது.

சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி ‘ம்ம்ம்’ என்று முனகி அடங்குகிறது. அதைக் கேட்டபிறகுதான் டீ சொல்கிறார்கள். மார்கழிக் காலையில் சோக் இழுக்கும் சுகம் போகிறதே என்ற குறை எனக்குண்டு. ஐடிலிங் நடுங்காமல் நிற்பதைப் பார்த்தால் அதுவும் மறந்துபோகிறது.