மூன்று கதவுத் தட்டல்களும் பெயரில்லாத மூன்று பெண்களும்

செஞ்சியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திண்டிவனம். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியின் கதை அந்த ஊரில் ஒரு ராத்திரியில் தொடங்குகிறது என்பது நம்ம பக்கத்து ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது. கதையைத் தெரிந்தவர்கள் சொல்கிற விதத்தில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

கதை இதுதான். ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண். தாத்தா, அப்பா இருவரும் மிஷன் டாக்டர்கள். அமெரிக்காவில் படித்துவிட்டு, உடம்பு சரியில்லாத அம்மாவைக் கவனிக்க 1890-ல் திண்டிவனம் வருகிறார். மிஷன் வேலைக்கு வரவே மாட்டேன் என்ற எண்ணம் அவருக்கு. ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் மேல்சாதி இந்து. மூவரின் மனைவியும் பிரசவ வேதனையில். அப்பா டாக்டர்தான், அவர் வரட்டும் என்கிறார் ஐடா. ஆண் வரக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போகிறார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிடுகிறார்கள். ஐடா டாக்டராக முடிவு செய்கிறார்.

இதை உலகம் முழுக்கக் கொண்டுபோன புத்தகங்களில் முக்கியமானது டோரதி கிளார்க் வில்சன் 1959-ல் எழுதிய ‘டாக்டர் ஐடா’. வில்சன் அடிப்படையில் நாவலாசிரியர். மோசேயைப் பற்றி அவர் எழுதிய நாவல் ‘டென் கமாண்ட்மெண்ட்ஸ்’ படத்துக்கே பயன்பட்டது. அதனால் வாழ்க்கை வரலாறும் நாவல் மாதிரிதான் போகும். காட்சி, உரையாடல், திருப்பம் எல்லாம் உண்டு. எடுத்தால் கீழே வைக்க முடியாது. என் முதல் புகாரும் அதுதான். நாவலுக்கு ஒரு நாயகி போதும், வரலாற்றுக்குப் போதாது.

முதலில், ஐடா தனியாக வரவில்லை. அவர் பிறந்த அதே 1870-ல்தான் கிளாரா ஸ்வெயின் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் பரேலிக்கு வந்து சேர்ந்தார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்த மேரி ஷார்லீப், கோஷா பெண்களுக்கென்றே சென்னையில் 1885-ல் ஆஸ்பத்திரி தொடங்கினார். நம்ம ஆட்களும் சும்மா இருக்கவில்லை. ஐடா 1895-ல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது, அதே கல்லூரியில் ஆனந்திபாய் ஜோஷி பட்டம் வாங்கி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இதையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ராத்திரி சின்னதாகிவிடாது. ஆனால் இருட்டில் எரிந்த ஒரே விளக்கு என்கிற சித்திரம் நிற்காது.

இரண்டாவது, பணம். இது கதையில் ஓரமாக வரும், எனக்கு இதுதான் மையம். அமெரிக்காவில் அந்தக் காலத்துத் திருச்சபைப் பெண்கள் ஊருக்கு ஊர் சங்கம் வைத்திருந்தார்கள். ஸ்கடர் குடும்பம் சார்ந்த சீர்திருத்தத் திருச்சபையில் பெண்களுக்கென்று தனி மிஷன் வாரியம் 1875-ல் அமைந்தது. வோட்டுரிமை இல்லாத பெண்கள். ஆனால் கூட்டம் நடத்தினார்கள், கணக்கு எழுதினார்கள், சில்லறை சில்லறையாகச் சேர்த்துக் கடல் தாண்டி அனுப்பினார்கள். 1899-ல் கார்னெலில் பட்டம் வாங்கிய ஐடா ஆஸ்பத்திரிக்கு நிதி கேட்டுப் போய் நின்றதும் இப்படிப்பட்ட சங்கத்து அம்மா ஒருவரிடம்தான், மிஸ் டேபர். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய அக்கா வீட்டுக்காரர் ராபர்ட் ஷெல், இறந்துபோன தன் மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். வேலூரில் 1902-ல் திறந்த மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி அதில் எழுந்தது.

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கிய பிறகும் இதே வழிதான். 1920-களின் தொடக்கத்தில் லூசி பீபாடி போன்றவர்கள் ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக இயக்கம் நடத்தினார்கள். வேலூரும் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும் அதில் உண்டு. பெண்கள் இரண்டு டாலர் திரட்டினால் ஒரு டாலர் தருகிறோம் என்றது ராக்ஃபெல்லர் நிதி. மொத்தம் முப்பது லட்சம் டாலர் இலக்கு. அவர்கள் சளைக்காமல் திரட்டினார்கள்.

இதை மனசில் வைத்துக்கொண்டு மூன்று தட்டல் கதையைத் திரும்பப் படித்தேன். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் சொல்லிச் சொல்லி மழமழப்பான கதை என்று தெரிகிறது. அது வருஷக்கணக்காக அமெரிக்கச் சங்கக் கூட்டங்களில் சொல்லப்பட்டது. கேட்பவர்கள் பெண்கள், பிள்ளை பெற்றவர்கள். கண் கலங்கி, கைப்பை திறக்க வேண்டும். அதற்கு மூன்று மதமும் சாதியும் வேண்டும், மூன்று சாவு வேண்டும். பெயர் வேண்டியதில்லை. அதனால் பெயர் இல்லை. அந்தப் பெண்களின் புருஷன்மார்களாவது வாசல் வரைக்கும் வந்து பேசுகிறார்கள். அந்தப் பெண்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எந்தத் தெரு, எத்தனையாவது பிரசவம், பக்கத்தில் எந்த மருத்துவச்சி இருந்தாள், எதுவும் இல்லை. வேலூரில் ஐடாவுக்கு முதல் உதவியாளாக நின்ற சமையல்காரர் மனைவி சலோமிக்காவது ஒற்றைப் பெயர் மிஞ்சியிருக்கிறது.

அமெரிக்கர்கள் அப்படிச் சொன்னதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவர்களுக்குக் காரியம் இருந்தது, அதைச் செய்தும் காட்டினார்கள். இன்னிக்கும் செஞ்சியில் ஒருத்தருக்குப் பெரிய வியாதின்னா வீட்டில் முதலில் அடிபடுகிற ஊர் வேலூர்தான். ஐடா 1960-ல் சாகும்வரை இந்த நாட்டிலேயே இருந்தார். சங்கடம் என்னவென்றால், நாமும் அதே கதையை அமெரிக்கச் சங்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்கிறோம். செத்தது நம்ம ஊர்ப் பெண்கள், யார் என்று நாம் கேட்கவில்லை.

செஞ்சிக்காரனுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். ஐடா பிறந்த ராணிப்பேட்டையின் பெயரில் இருக்கும் ராணி எங்க ஊர் ராணி. 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதிய தேசிங்கு ராஜா இறந்தான். செட்டிக்குளக் கரையில் அவன் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்பார்கள். அவள் நினைவாக அந்த நவாபே ஏற்படுத்திய ஊர் ராணிப்பேட்டை என்பது வழக்கு. ராஜாவுக்குப் பெயர் உண்டு, குதிரைக்குக்கூட பாராசாரி என்று பெயர் உண்டு. ஊர்ப்பெயரில் அவள் வெறும் ராணி. அவளுக்கு ஊராவது கிடைத்தது.

பிரசவத்தில் செத்தவளை மறக்காமலிருக்க நம்மிடம் ஒரு வழக்கம் இருந்தது. வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். அவள் இறக்க முடியாமல் போன சுமைக்குப் பதிலாக, நடந்துபோகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைப்பார்கள். சில கல்லில் இன்னார் நினைவாக என்று பெயரும் வெட்டியிருக்கும். ரோடு அகலப்படுத்தும்போது முதலில் போவது இந்தக் கற்கள்தான்.

திண்டிவனத்தில் நாலைந்து தலைமுறையாக இருக்கிற குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால், வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வெள்ளைக்கார டாக்டர் வீட்டுக்கு ஆள் அனுப்பியும் பிழைக்காமல் போன பாட்டி யாராவது உண்டா என்று. ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும் போதும். ‘டாக்டர் ஐடா’வை இன்னொரு தடவை, அந்தப் பெயரிலிருந்து தொடங்கி, நாம் படித்துப் பார்க்கலாம்.