பத்துப் பிரதிப் பத்திரிகை

1947-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆர்.கே.ஓ. சினிமா ஸ்டூடியோவில் ஒரு செக்ரட்டரிப் பெண். ஆபீஸில் வேலை அதிகமில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பது வெளியே தெரியக் கூடாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமா? கார்பன் பேப்பர்களை அடுக்கி டைப்ரைட்டரில் செருகி, சொந்தமாக ஒரு பத்திரிகை நடத்த ஆரம்பித்துவிட்டார்! முழு இதழையும் இரண்டு தடவை டைப் அடித்தால் பத்து, பன்னிரண்டு பிரதி தேறும்.

பத்திரிகையின் பெயர் 'வைஸ் வெர்சா'. பெண்களை நேசிக்கும் பெண்களுக்கானது. அந்தக் காலத்தில் அதைப் பற்றி எழுதினாலே ஆபத்து. முதலில் சில பிரதிகளைத் தபாலில் அனுப்பினார். 'மாட்டிக்கொள்வாய்' என்று தெரிந்தவர்கள் எச்சரித்ததும் கையில் கொடுக்கத் தொடங்கினார். இலவசம்தான். படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. பத்திரிகையில் ஆசிரியர் பெயரே கிடையாது. லிசா பென் என்பது பின்னாளில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். ஒன்பது இதழ்களோடு, 1948 பிப்ரவரியில், கடையைக் கட்டினார்.

இந்த வகைப் பத்திரிகைக்கு அமெரிக்காவில் 'ஜீன்' என்று பெயர். போட்டுக்கொள்ளும் ஜீன்ஸும் இல்லை, மரபணுவும் இல்லை. மேகஸின் என்ற சொல்லின் வால். முன்னால் ரசிகரைச் சேர்த்தால் 'ஃபேன்ஜீன்'. இந்தச் சொல்லை 1940-ல் உண்டாக்கியவர் ரஸ் ஷோவனே என்ற விஞ்ஞானக் கதை ரசிகர்.

விஷயம் ஆரம்பித்ததே விஞ்ஞானக் கதையில்தான். 1926-ல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' பத்திரிகை, வாசகர் கடிதங்களை முழு முகவரியோடு வெளியிட்டது. சும்மா இருப்பார்களா? ஒருவருக்கொருவர் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். கடிதம் சங்கமாயிற்று. சங்கத்துக்கு ஒரு பத்திரிகை வேண்டாமா? 1930-ல் 'தி காமெட்' வந்தது. முதல் ஃபேன்ஜீன் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள்.

இந்தச் சரித்திரத்தைச் சொல்பவர்கள் எல்லோரும் உடனே இரண்டு பெருமைகளை எடுத்து வைப்பார்கள். க்ளீவ்லேண்டில் ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரண்டு பையன்கள் 1933-ல் நடத்திய சைக்ளோஸ்டைல் பத்திரிகையில்தான் 'சூப்பர்மேன்' என்ற பெயர் முதலில் தலைகாட்டியது (அப்போது அவன் வில்லன்!). ரே பிராட்பரி 1939-ல், பத்தொன்பது வயதுக்குள், 'ஃப்யூச்சூரியா ஃபேன்டாசியா' என்று ஒன்றை ஆரம்பித்து நான்கு இதழ் போட்டார்.

எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு இந்தப் புகழ்ச்சியில் ஓர் ஆட்சேபணை. பெரிய எழுத்தாளர்களை வளர்த்த நாற்றங்கால் என்று ஜீனைப் பாராட்டுவது, மொட்டை மாடிக் கிரிக்கெட்டை டெஸ்ட் மேட்சுக்குப் பயிற்சி என்று பாராட்டுவது மாதிரி. ஆடுகிறவன் டெஸ்ட் மேட்சை நினைத்தா ஆடுகிறான்? 'வைஸ் வெர்சா' எதற்கும் முன்னோட்டம் இல்லை. அந்தப் பத்துப் பேருக்கு அதுதான் பத்திரிகை.

பீட் ஜோர்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் ஹோட்டலில் பாத்திரம் தேய்ப்பது என்று ஒரு லட்சியம். தேய்த்த கதைகளை 'டிஷ்வாஷர்' என்ற ஜீனில் எழுதினார். புகழ் பரவி, டேவிட் லெட்டர்மனின் டி.வி. ஷோவுக்குக் கூப்பிட்டார்கள். ஆசாமி தன் பெயரில் ஒரு நண்பனை அனுப்பிவைத்தார்! முப்பத்து மூன்று மாநிலத்தோடு நிறுத்திக்கொண்டு, 2007-ல் அதைப் புத்தகமாக்கினார். எந்தப் பெரிய பத்திரிகையிலாவது பாத்திரம் தேய்ப்பவருக்குத் தொடர் எழுத இடம் கொடுப்பார்களா, யோசியுங்கள்.

வகைகளுக்குக் கணக்கே இல்லை. 1976-ல் நியூயார்க்கில் 'பங்க்' பத்திரிகை. 1981 முதல் ஏரன் கோமட்பஸ் தன் கையெழுத்திலேயே நடத்திய 'கோமட்பஸ்'. ஜெராக்ஸ் வந்ததும் வெள்ளம்தான். ஆபீஸ் மெஷினில் திருட்டுத்தனமாகக் காப்பி எடுப்பது ஏறக்குறைய இந்தத் துறையின் மரபு. எது எங்கே கிடைக்கும் என்று சொல்லவே மைக் குண்டர்லாய் 1982-ல் 'ஃபேக்ட்ஷீட் ஃபைவ்' தொடங்கினார். ஆயிரக்கணக்கான ஜீன்களுக்குக் குட்டி விமர்சனம், முகவரி, விலை. 1998 வரை வந்தது.

சரி, எழுத்து எப்படி? பெரும்பாலும் சுமார்தான். எழுத்துப் பிழை, புலம்பல், பூனைக்குட்டி புராணம் என்று சகலமும் உண்டு. சிலது வயிற்றைப் புரட்டும். ஃப்ளோரிடாவில் மைக் டயானா வரைந்த 'பாய்ல்டு ஏஞ்சல்' அந்த ரகம். எனக்குப் பிடிக்காது. ஆனால் 1994-ல் கோர்ட் என்ன செய்தது தெரியுமா? ஆபாசம் என்று தீர்ப்பளித்து, 3,000 டாலர் அபராதம் போட்டு, மூன்று வருஷம் கண்காணிப்பில் வைத்து, வீட்டில் தனக்காகக் கூட அப்படி வரையக் கூடாது என்றது. சில நூறு பேர் காசு கொடுத்துக் கேட்டு வாங்கிய காகிதத்துக்கு இந்தப் பயம்! பிடிக்காதவர் படிக்காமல் இருந்திருக்கலாம்.

ஜீன்களின் நிஜமான பலவீனம் வேறு. ஒத்த மனசுக்காரர்கள் ஒருவரையொருவர் படித்து ஒருவரையொருவர் தட்டிக்கொடுக்கும் அபாயம். இதற்கு மருந்தும் ஜீனிலிருந்தே வந்திருக்கிறது என்பதுதான் அழகு. 'ஸ்டார் ட்ரெக்' ரசிகைகள் தங்களையே சகலகலாவல்லியாக்கிக் கதை எழுதித் தள்ளியபோது, பாலா ஸ்மித் 1973-ல் 'மேரி சூ' என்ற பாத்திரத்தை வைத்து ஒரு ஃபேன்ஜீனிலேயே கிண்டல் செய்தார். அந்தப் பெயர் இன்று விமர்சனச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. 1990-களில் 'ரயட் கேர்ல்' இயக்கப் பெண்கள், ஆண்களின் ராக் உலகத்தை ஜீன்களில் வெளுத்து வாங்கினார்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். பங்க் உலகில் கறுப்பர், ஆசியர் குரலெல்லாம் எங்கே என்று கேட்டு, மிமி தி நுயென் 1997-ல் பலருடைய எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். அதுவும் ஜீன்தான். ஆளைப் பேச விடாமல் செய்வதைவிட, இன்னொரு பத்திரிகை போட்டுப் பதில் சொல்வது எவ்வளவு நாகரிகம்!

இப்போது ஜீன்களுக்கு மரியாதை கூடிவிட்டது. நியூயார்க் பர்னார்ட் கல்லூரியில் தனி நூலகம். 2023-ல் ப்ரூக்லின் மியூசியத்தில் பெரிய கண்காட்சி. காப்பாற்றுகிறார்களே என்று சந்தோஷம். ஆனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஜீனைப் புரட்ட முடியாது, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்ள முடியாது, முக்கியமாக அடுத்தவர் கையில் கொடுக்க முடியாது.

ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்துப் பிரித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் கிடைக்கும். ஸ்டேப்ளர் கூட வேண்டாம். வைரலாகாது, லைக்கும் விழாது. என்ன எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால், யார் அந்தப் பத்துப் பேர் என்று ஒரு லிஸ்ட் போட்டுப் பாருங்கள்.