ஜாம் தேர்வை நம்பி மூன்று ஆண்டு

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்த பிள்ளையிடம் வீட்டில் கேட்பது ஒன்றுதான்: "முடிச்சா என்ன வேலை?" டிப்ளமோ முடித்தவர்களை சிப்காட் தொழிற்பேட்டை வாரிக்கொள்ளும் ஊரில் இது நியாயமான கேள்வி. ஆய்வுப் படிப்பில் கண் வைத்த மாணவர்கள் இதற்கு ஒரு திட்டத்தைப் பதிலாகக் காட்டுகிறார்கள். முதல் ஆண்டிலேயே ஐ.ஐ.டி. எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத்தேர்வுப் பயிற்சியில் சேர்ந்து, மூன்றாண்டையும் அந்தத் தேர்வைச் சுற்றியே அமைத்துக்கொள்வதுதான் அது.

இதில் நன்மை இருக்கிறது. பெரியார் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்வில், கூட்டு ஊசலின் அலைவு நேரத்துக்குக் கோவை தருவிக்கச் சொன்னால் கைடில் இருப்பதை எழுதியே மதிப்பெண் வாங்கிவிடலாம். ஜாம் விடாது. ஒரு மீட்டர் நீளச் சீரான கோலை மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் தொங்கவிட்டால் அலைவு நேரம் மிகக் குறையும் என்று கேட்கும். விடை ஏறக்குறைய 29 சென்டிமீட்டர். 60 கேள்விகளில் 20-க்கு இப்படி எண்ணைத்தான் உள்ளிட வேண்டும்; தேர்ந்தெடுக்க விடைகள் தரப்படுவதில்லை. துணைப்பாடக் கணிதத்தை ஓராண்டோடு மறந்துவிடும் மாணவரை இந்தத் தேர்வு மறுபடி கணக்குப் போட உட்கார வைக்கிறது. வீட்டுக்குச் சொல்லவும் ஒரு கணக்கு உண்டு: பிஎச்.டி. சேர்ந்து ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய்.

குறை ஆய்வுக்கூடத்தில் தெரிகிறது. துளைகள் போட்ட அதே கோல் அங்கே தொங்குகிறது. பயிற்சி வகுப்பையே மையமாகக் கொண்ட மாணவருக்கு அது ரெக்கார்டு நோட்டை நிரப்பும் சடங்கு. அலைவு நேரம் மிகக் குறையும் தூரம் சுழற்சி ஆரத்துக்குச் சமம் என்ற சூத்திரம் அவருக்கு மனப்பாடம். ஆனால் தூரத்துக்கு எதிராக அலைவு நேரத்தை வரைந்த வரைபடத்தின் அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் அந்தத் தூரத்தை அங்கே துல்லியமாகப் பிடிக்க முடியாது. அதனால்தான் குறுக்கே கோடு போட்டு, இருபுறமும் வெட்டும் புள்ளிகளை எடுக்கிறோம். இது கோலைக் கையில் பிடித்து அளந்து யோசித்தவருக்குத்தான் பிடிபடும். ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கு ஜாம் தரவரிசை போதும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு நேர்காணலும் உண்டு. அங்கே "ஏன்?" என்ற கேள்விக்குச் சூத்திரம் உதவாது.

இன்னொரு குறை, பாடத்திட்டத்துக்கு வெளியே பார்வை போகாதது. 1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சொம்மர்ஃபெல்ட் சென்னை வந்தபோது, பின்னாளில் வானியற்பியலாளரான மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் அவரைத் தேடிப்போனார். தான் கரைத்துக் குடித்த அணுவியல் பழையதாகிவிட்டது என்பது அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. சொம்மர்ஃபெல்ட் தந்த அச்சுப்படியைப் படித்துப் புதியதைக் கற்று, மாணவராக இருக்கும்போதே லண்டன் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை வெளியிட்டார். எல்லாரும் சந்திரசேகர் அல்ல. ஆனால் சொம்மர்ஃபெல்ட் வரும்வரை ஓசூர் மாணவர் காத்திருக்க வேண்டியதில்லை. அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு. அறிவியல் கழகம் ஆண்டுக்கொரு முறை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. ராமன் ஆய்வு நிறுவனமும் அதே நகரில்தான். கோடை விடுமுறையில் ஆய்வுக்கூடத்தில் வேலை பழக இந்திய அறிவியல் அகாடமியின் இரண்டு மாத உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. பயிற்சி அட்டவணை இவற்றுக்கு இடம் விடுவதில்லை.

ஆகவே ஜாமை விட வேண்டாம். அதன் இடத்தை மாற்றினால் போதும். முதல் இரண்டு ஆண்டு கணிதத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் கோடைக்கால வேலைக்கும் போகட்டும். பழைய வினாத்தாள்கள் ஐந்தாம் செமஸ்டரில் வரட்டும், தேர்வு பிப்ரவரியில்தான். சுமை முழுவதையும் மாணவர் தலையில் கட்டுவதும் சரியல்ல. அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண் கல்லூரியின் கையில் இருக்கிறது. அகமதிப்பீட்டுத் தேர்வில் தருவித்தல் ஒன்றை எடுத்துவிட்டு, கைடில் இல்லாத கணக்கு ஒன்றை வைக்க எந்தப் பல்கலைக்கழக அனுமதியும் தேவையில்லை.