கொம்பனும் பொன்னாச்சியும்: அண்ணன்மார் கதைக்குத் திரும்புதல்

அண்ணன்மார் கதையை நான் ஒருமுறை முடித்துக் கட்டியவன். திருப்பூரில் பல வருஷங்களுக்கு முன் ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசினேன். பொன்னர் சங்கர் கதை என்பது காட்டை அழித்துக் கழனியாக்கிய வெள்ளாளக் கவுண்டர்கள் வேட்டுவர்மேல் கொண்ட ஆதிக்கத்தை நியாயப்படுத்தும் கதையாடல், இதில் நாம் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்றேன். நண்பர்கள் தலையாட்டினார்கள். அங்கே இருந்த யாரும் கதையை முழுசாகக் கேட்டதில்லை. நானும்தான். சின்ன வயசில் கோயில் முன்னால் உடுக்கடிப் பாட்டு நடக்கும்போது சங்கர் கிளி பிடிக்கப் போகிற இடத்திலேயே தூங்கிப்போகிற பையன் நான். தூங்கியதற்கு அப்புறம் நடந்த கதையைத்தான் கோட்பாட்டை வைத்துத் தீர்த்துக்கட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

திரும்ப வந்தது ஒரு இயங்குபடத் தொடர் வழியாக. கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தவர். 1965இல் ராமசாமி என்ற பாடகர் இரவு இரவாகச் சொன்ன கதையை ஒலிநாடாவில் பதிந்தார். 1982இல் அதைப்பற்றி ஓர் ஆய்வு நூல், 1992இல் தமிழும் ஆங்கிலமுமாகக் கதையின் பிரதி, பிற்பாடு அதே கதையை 26 பகுதிகள் கொண்ட படத்தொடராகவும் ஆக்கினார். வெளிநாட்டுப் பிள்ளைகள் மாயக்கதையாக, வீரர்களும் துணைவிலங்குகளும் வரும் சாகசமாகப் பார்க்கக்கூடிய வடிவம் அது. பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு உறைத்தது வேறு. இந்த நாயும் பன்றியும் கிளியும் யாருடையவை? என் பழைய வாசிப்பில் இவை எங்கேயுமே இல்லையே?

சக்திக்கனல் 1971இல் பதிப்பித்த நூலையும் பெக்கின் பிரதியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டும் ஒன்றல்ல, பாடகருக்குப் பாடகர், ஊருக்கு ஊர் கதை மாறும். நான் இங்கே பேசுவது பெக்கின் பாடகர் சொன்ன கதையை ஒட்டி.

தங்காள் ஒரு சோடிக் கிளி கேட்கிறாள். சங்கர் வேட்டுவர் காட்டுக்குப் போய் ஒன்றைத்தான் பிடித்து வருகிறான். சோடி பிரிகிறது. அந்தப் பக்கம் வேட்டுவர் வீட்டிலும் ஒரு தங்கை இருக்கிறாள், வீரத்தங்காள். அவள் வளர்க்கிற காட்டுப்பன்றி கொம்பன். அது வளநாட்டுக்குள் இறங்கி வயலைக் கிளறி, ஏரிக்கரையை உடைத்துப்போடுகிறது. அண்ணன்மார் படையோடு வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அரண்மனையில் கிடக்கிற குட்டி நாய் பொன்னாச்சியை மட்டும் மறந்துவிடுகிறார்கள். பொட்டை நாய், அத்துணூண்டு. அதுக்குக் கோபம். சாபம் போடுகிறது. காட்டில் வீரர்கள் நோயில் சுருண்டு விழுகிறார்கள். கடைசியில் ஆள் அனுப்பி அழைக்கிறார்கள். பொன்னாச்சி வந்து கொம்பனின் விதையைக் கடித்துக் குதறிய பிறகுதான் சங்கரின் ஈட்டி வேலை செய்கிறது.

கோயில்களில் சிலையாக நிற்பது அந்தக் கடைசி நொடி மட்டும்: குத்தும் சங்கர், குத்துப்படும் பன்றி. நாய் இருந்தால் கீழே சின்னதாக இருக்கும். பூசாரிக்கும் பொட்டு வைக்க மறந்துபோகும்.

மேற்கத்திய மாயக்கதைகளில் விலங்குத்துணை வீரனின் உள்மனசு. அவனுக்கு வழி காட்டுவதே அதன் வேலை. அவன் அதைக் கண்டடைவதே கதை. இங்கே அப்படி இல்லை. பெக் கொம்பனையும் பொன்னாச்சியையும் இரண்டு தங்கைகளோடு இணைத்துப் பார்க்கிறார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வீரத்தங்காள் வாய்விட்டுச் சொல்ல முடியாததைக் கொம்பன் செய்கிறது. வீட்டோடு விடப்பட்ட தங்காளின் மனத்தாங்கல்தான் பொன்னாச்சியின் சாபம். ‘அண்ணன்மார்’ என்ற பெயரே ஒரு தங்கையின் வாயிலிருந்து வந்த சொல். ஆண்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்டது பொன்னர், சங்கர், வீரம், நாடு. மு. கருணாநிதியின் நாவலும், 2011இல் வந்த தியாகராஜனின் சினிமாவும் தலைப்பாக எடுத்துக்கொண்டது அந்த ஆண்பெயர்களைத்தான். சாதிச் சங்க மேடைகளுக்கும் அதுவே வசதி.

இந்த இடத்தில் திருப்பூரைப்பற்றிச் சொல்லாமல் முடியாது. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் இந்த ஊரைப்பற்றி எழுதிய நூலுக்கு ‘ஃப்ரெட்டர்னல் கேப்பிடல்’ என்று பெயர் வைத்தார். சகோதர மூலதனம். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்த்த கவுண்டர்கள் பங்காளிகளாகச் சேர்ந்து முதலாளிகள் ஆனதையும், ‘உழைப்பாலே மேல வந்தோம்’ என்று அவர்கள் தங்கள் கதையைச் சொல்வதையும் அதில் ஆராய்கிறார். அந்தச் சொல் பொய்யல்ல, அதுதான் சிக்கல். உழைத்தார்கள். ஆனால் அவர்கள் சொல்கிற உழைப்பில் கைமடிக்கிற பெண்ணும், செக்கிங் டேபிளில் நிற்கிற பெண்ணும் எங்கே? கூட்டிக்கொண்டு போகவும் இல்லை, அவர்கள் இல்லாமல் ஒரு பீஸ் கப்பலேறவும் இல்லை.

உருவகம் ரொம்ப லேசாக வந்து ஒட்டிக்கொள்கிறது என்று எனக்கே சந்தேகம். ஏனென்றால் பொன்னாச்சியின் கோபம் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். அழைப்பு வந்ததும் போய்விடுகிறது. யாருக்காகக் கடிக்கிறது? மறந்த எசமானுக்காக. இன்னொரு தங்கை ஆசையாக வளர்த்த விலங்கை. 1984இல் பஞ்சப்படி கேட்டு நான்கு மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்த ஊரில், கோபித்துக்கொண்ட நாய் மரியாதையாகக் கூப்பிட்டதும் வேலைக்குத் திரும்புகிற கதையை விடுதலைப் பிரதி என்று நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன். சாம்புவன் விஷயமும் அப்படியே. சங்கரின் கூடவே ஓடி அவனுக்காகவே இருக்கிற பறையர் வீரன் அவன். சாபமிட நாய்க்கு இருக்கிற உரிமைகூடக் கதை அவனுக்குத் தரவில்லை. தலித் வாசகர் ஒருவர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தால் நான் குறுக்கே நிற்கப் போவதில்லை.

இருந்தும் ஏன் திரும்ப வேண்டும்? மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே லைன் வீட்டில் குடியிருக்கிற ஒரு அக்காவிடம் இந்த நாயைப்பற்றிக் கேட்டேன். அண்ணன்மார் மாண்டதாகச் சொல்கிற படுகளம் இருக்கும் வீரப்பூர் அவர்கள் ஊருக்குப் பக்கம். மாசித் திருவிழாவுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்காத வருஷம் அது. “அந்தக் கதையில மத்தவங்களுக்கெல்லாம் வெறிதான் தம்பி வரும். நாய்க்கு மட்டுந்தான் கோவம் வரும்” என்றார்கள். வெறிக்கும் கோபத்துக்கும் இப்படி ஒரு வேறுபாட்டை நான் படித்த எந்த விமரிசனமும் சொல்லித் தரவில்லை. என் வாசிப்பு வட்டத்துப் பேச்சில் அவர்களுக்கு இடமே இருந்திருக்காது. கதையை ஆதிக்கச் சாதியின் சொத்து என்று பட்டா எழுதிக் கொடுத்தது அவர்கள் மட்டுமல்ல, நானும்தான்.

பன்றி உடைத்த ஏரிக்கரையை மறுபடி நினைத்துக்கொள்கிறேன். கொம்பன் ஏன் ஏரியை உடைக்க வேண்டும்? வேட்டுவரின் காட்டைக் கழனியாக்கியது அந்த நீர்தான். பன்றிக்கு அது தெரியும். காட்டின் தரப்பு வாதத்தைக் கதை ஒரு மிருகத்தின் முகத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. பாடகரும் அந்த இடத்தில் பன்றிக்குக் குறைவைக்காமல் பாடுவார். கூட்டம் யார் பக்கம் சாய்கிறது என்று அப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது.

பெக் கதையைப் பதிந்த அதே வட்டாரத்தில், நொய்யலுக்குக் குறுக்கே 1992இல் ஒரத்துப்பாளையம் அணை வந்தது. பாசனத்துக்காகக் கட்டியது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அதில் தேங்கி நின்றது. கீழே இருந்த விவசாயிகள் அந்தத் தண்ணீர் வயலுக்கு வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வழக்குப் போட்டவர்களிலும் உழுகுடிகள் உண்டு, பட்டறை வைத்திருந்தவர்களிலும் உண்டு. அண்ணன்மாரை இருதரப்பும் கும்பிடும்.

நீரைக் கெடுக்க இந்தத் தடவை காட்டிலிருந்து எந்தப் பன்றியும் இறங்கி வரவில்லை. போன மாசம் ஒரத்துப்பாளையம் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் உடுக்கடிப் பாட்டு என்று கேள்விப்பட்டுப் போனேன். விடியும்வரை தூங்கவில்லை. கொம்பன் ஏரிக்கரையை முட்டுகிற இடம் வந்தபோது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஆத்தா, “முட்டுறா, முட்டு” என்றாள்.