இறந்தகாலமும் இன்றைய வர்க்கமும்: கல்முனைக் கரையோரத்தில் ஆங்கில இலக்கணம் கற்பித்தல் பற்றி ஒரு விமரிசனம்

1

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் ஆங்கிலக் கல்வி பற்றிப் பேசப்படும்போதெல்லாம் ஒரு தீர்ப்பு தவறாது கேட்கிறது. ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் மாணவர் ஒரு சாதாரண இறந்தகால வாக்கியத்தைப் பிழையின்றி எழுத இயலாதிருக்கின்றனர். தமிழிற் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுவதே இதற்குக் காரணம் என்பதே அத்தீர்ப்பு. இதற்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவது 'ஐ டிட் நொட் வென்ட்' என்பது போன்ற வாக்கியமாகும். மொழியியற் கூற்றாகத் தோற்றமளிக்கும் இத்தீர்ப்பு உண்மையில் ஒரு சமூக மதிப்பீடே என்பதும், தமிழ் பற்றிய அறியாமையின் மீதே அது எழுந்து நிற்கிறது என்பதும் நமது கருத்தாகும்.

2

முதலில் மொழியமைப்பை நோக்குவோம். காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாக வகுத்தமை தொல்காப்பியத்திலேயே காணப்படுவது. நன்னூலார் த், ட், ற், இன் என்பவற்றை இறந்தகால இடைநிலைகளாகக் கூறினார். செய்தான், உண்டான், சென்றான், ஓடினான் எனத் தமிழ்ப் பிள்ளை பாடசாலை செல்லுமுன்னரே இந்நான்கையும் இடமறிந்து கையாளுகிறது. ஆங்கிலத்தின் ஒழுங்கான வினைகளோ எழுத்தில் ஒரே விகுதியையும் ஒலிப்பில் மூன்று வடிவங்களையும் கொண்டவை. எனவே, ஒரே காலத்தைப் பல வடிவங்கள் உணர்த்தும் என்ற கருத்து இப்பிள்ளைக்குப் புதிதன்று.

இனி எதிர்மறையைக் காண்போம். 'போனேன்' என்பதன் எதிர்மறை 'போகவில்லை'. கரையோரப் பேச்சில் 'போகல்ல'. போனேன் என்பதிலுள்ள இறந்தகாலக் குறி எதிர்மறையில் மறைந்து, வினை 'போக' என்ற எச்ச வடிவில் நிற்கிறது. ஆங்கிலத்திலும் 'வென்ட்' என்பது எதிர்மறையில் 'கோ' என்ற அடிவடிவத்திற்குத் திரும்பிவிடுகிறது. காலத்தை 'டிட்' என்னும் துணைவினை ஏற்றுக்கொள்கிறது. இரு மொழிகளிலும் முதன்மை வினை காலத்தைக் களைந்து நிற்றல் பொதுவாகும். தமிழை அப்படியே பின்பற்றும் மாணவன் 'டிட் நொட் கோ' என்ற சரியான வடிவத்தை நோக்கியே செல்வான். 'டிட் நொட் வென்ட்' என்பதைத் தமிழின் தலையீடு எனக் கூற இடமேயில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் ஒரு பருவத்தில் இவ்வாறே காலத்தை இருமுறை குறிக்கின்றனர் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

வினாவின் நிலை வேறு. 'நீ போனாயா?' என்ற தமிழ் வினாவில் இறந்தகாலக் குறி வினையிலேயே தங்கிவிடுகிறது. ஆங்கிலமோ அதனை 'டிட்' என்பதற்கு மாற்றிவிடுகிறது. ஆகவே வினாவிலே தமிழ் மாணவனுக்கு உண்மையான இடர்ப்பாடு உண்டு. 'சாப்பிட்டாயா?' என்ற ஒரே தமிழ் வினாவுக்கு ஆங்கிலத்தில், சந்தர்ப்பத்தைப் பொறுத்து, சாதாரண இறந்தகாலமும் வரலாம். நிகழ்காலத்தோடு தொடர்புடைய முற்றுக்காலமும் வரலாம். 'நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்' எனத் தமிழில் இயல்பாகக் கூறுவதை அப்படியே பெயர்த்தால், சாதாரண இறந்தகாலம் வரவேண்டிய இடத்தில் 'ஹாட் கம்' என்ற வடிவம் வந்துவிடுகிறது. கூப்பிட்டவருக்கு 'இந்தா வந்திட்டன்' என இன்னும் புறப்படாதவனே விடைகூறுவதும் நம் வழக்கு. விரைவுப் பொருளில் இறந்தகாலம் பிறகாலத்துக்கு வருமெனத் தொல்காப்பியரே விதித்துள்ளார். ஆங்கிலம் இவ்விடத்தில் இறந்தகாலத்தை ஏற்பதில்லை.

இக்கரையோரத்தில் மூன்றாவது மொழியொன்றும் உண்டு. குர்ஆன் மத்ரசாவிற் பிள்ளைகள் பெரும்பாலும் ஓதலையே கற்கின்றனர். ஆயின் அரபுக் கல்லூரிகளிற் பயில்வோர் 'ஸர்பு' என்னும் சொல்லிலக்கணத்தை இறந்தகாலத்திலிருந்தே தொடங்குகின்றனர். 'கதப' என்பது 'அவன் எழுதினான்' எனப் பொருள்படும். படர்க்கை ஆண்பால் ஒருமை இறந்தகால வடிவமே அங்கு வினையின் முதல் வடிவமாக நிற்கிறது. தமிழ் இலக்கணம் பகுதியிலிருந்தும், அரபு இலக்கணம் 'மாழி' என்னும் இறந்தகாலத்திலிருந்தும் வினையை விளக்குகின்றன. இவ்விரண்டையும் அறிந்த மாணவனிடம் காலம் பற்றிய ஒப்பீட்டறிவு இயல்பாகவே உண்டு. தமிழையும் அரபையும் ஒப்பிட்டு ஆய்ந்த மொழியியலாளர் எம். ஏ. நுஃமான் கல்முனைக்குடியைச் சேர்ந்தவர் என்பதும், தற்கால எழுத்துத் தமிழை விளக்கும் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' என்ற அவரது நூல் 1999இல் வெளிவந்தது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கவை. இவ்வளவு வளமிருந்தும் ஆங்கில வகுப்பறை இவற்றுள் எதனையும் தொடுவதில்லை.

3

இப்பிழைகள் எங்கிருந்து வருகின்றன? கற்பிக்கும் முறையிலிருந்தே பெருமளவு வருகின்றன. வினையின் மூன்று வடிவங்களை மூன்று நிரல்களில் எழுதி மனனஞ் செய்விப்பது காலனித்துவக் காலத்து வழக்கம். அதில் 'வென்ட்' என்பது இறந்தகாலத்தின் முத்திரையாகப் பதிந்துவிடுகிறது. 'நேற்று' என்ற சொல்லைக் கண்டதும் அம்முத்திரையை மாணவன் குத்திவிடுகிறான். அவன் பயிற்றப்பட்டதும் அதற்கே. பின்வந்த பாடநூல்கள் உரையாடல் வழிக் கற்பித்தலை முன்வைத்தன. அவற்றின் பெயரால் வகுப்பறையில் தமிழைத் தவிர்ப்பது ஓர் ஒழுக்கவிதி போலாயிற்று. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேட்கும் பிள்ளைக்கு இது பொருந்தலாம். உம்மாவும் வாப்பாவும் தமிழ் மட்டுமே பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, தன்னிடமுள்ள ஒரே கருவியை வாசலில் வைத்துவிட்டு வருமாறு கூறுவதாகவே அது முடிகிறது.

ரொபர்ட் லாடோ 1957இல் மொழிகளின் வேறுபாடே இடர்ப்பாட்டின் ஊற்று எனக் கருதினார். பிற் கோடர் 1967இல், கற்போன் செய்யும் பிழைகள் அவன் உள்ளத்தில் உருவாகிவரும் ஒழுங்கொன்றின் சான்றுகள் எனக் காட்டினார். இவர்களுக்கு முன்னரே, 1934இல் வெளிவந்த சிந்தனையும் மொழியும் பற்றிய நூலில், சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி, அந்நிய மொழியைத் தாய்மொழியின் துணைகொண்டே விழிப்புணர்வுடன் கற்கிறோம் என்றும், அக்கற்றல் தாய்மொழி பற்றிய விளக்கத்தையும் உயர்த்துகிறது என்றும் நிறுவினார். தாய்மொழியைத் தடையாகக் கருதுவோர் இவ்வியங்கியல் உறவைக் காணத் தவறுகின்றனர்.

4

எனினும் இதனைக் கற்பித்தல் முறையின் குறைபாடாக மட்டும் சுருக்கிவிட முடியாது. 1833இன் கோல்புறூக் சீர்திருத்தங்களின் பின் இலங்கையில் ஆங்கிலக் கல்வி அரச உத்தியோகத்தின் வாயிலாயிற்று. அவ்வாயிலை மிசனரிப் பாடசாலைகளே பெரிதும் காத்துநின்றன. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் கற்றே மேலே சென்றார். மதமாற்ற அச்சத்தால் முஸ்லிம்கள் இப்பாடசாலைகளினின்று பெரிதும் ஒதுங்கினர். சித்திலெப்பை (1838–1898) ஆங்கிலக் கல்விக்காக வாதாடியது இச்சூழலிலேயே. 1945இன் இலவசக் கல்வியும் தாய்மொழிவழிப் போதனையும் விவசாயிகள், மீனவர், நெசவாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வரை வழிதிறந்தன. இது மறுக்கவியலாத முற்போக்கான சாதனையாகும்.

ஆயின் ஆங்கிலம் அதிகாரத்திலிருந்து இறங்கவில்லை. 1956இன் தனிச் சிங்களச் சட்டம் ஆங்கிலத்தின் அரச தகுதியைப் பறித்தபோதும் அதன் சந்தைப் பெறுமதியைப் பறிக்கவில்லை. தமிழ் பேசுவோருக்கு அது புதிய பாதிப்பையும் தந்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் தனியார் நிறுவனங்களிலும் சர்வதேசப் பாடசாலைகளிலும் அப்பெறுமதியைப் பன்மடங்காக்கிற்று. வளைகுடா நாடுகளுக்கான தொழிற் பெயர்வும் சேர்ந்துகொண்டது. 2001 முதல் அரச பாடசாலைகளிற் சில பாடங்களை ஆங்கிலத்திற் கற்பிக்க மீண்டும் வழிவிடப்பட்டபோது, ஆசிரியர் வளமுள்ள நகரப் பாடசாலைகளே அதனால் முதலிற் பயன்பெறும் நிலையில் இருந்தன. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என அழைத்தமை தற்செயலன்று.

இந்நிலையிலேயே 'டிட் நொட் வென்ட்' என்ற வாக்கியம் தன் சமூகப் பொருளைப் பெறுகிறது. அதன் கருத்து யாருக்கும் விளங்காமற் போவதில்லை. போகவில்லை என்பது தெளிவாகவே விளங்குகிறது. எனினும் நேர்முகத் தேர்வில் அது பேசுபவனின் ஊரையும் குடும்பத்தையும் பாடசாலையையும் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகிவிடுகிறது. மொழியை ஒரு வர்க்கத்தின் சொத்தாகவோ மேற்கட்டுமானமாகவோ கொள்வதை ஸ்டாலின் 1950இல் மறுத்தது நியாயமே. ஆயின் மொழியின் தரநிலை வடிவத்தை யார் எளிதில் அடைகின்றனர் என்பது வர்க்க நிலையாலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுகிறது. இதை 'தாய்மொழித் தலையீடு' என விளக்குவோர், பாடசாலைகளுக்கிடையேயுள்ள ஏற்றத்தாழ்வைத் தமிழின் மீது சுமத்திவிடுகின்றனர்.

5

ஆங்கிலத்தைப் புறக்கணிப்பது இதற்குத் தீர்வாகாது. அப்புறக்கணிப்பின் விலையை வசதி படைத்தோர் செலுத்துவதில்லை. மாணவரின் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு விட்டுவிடுவதும் தீர்வன்று. சரியான வடிவத்தை அடையும் உரிமை உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கும் உண்டு. வேண்டப்படுவது, ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் தற்காலத் தமிழ் இலக்கணம் ஒரு கட்டாயப் பகுதியாதல். 'போகல்ல' என்பதிலிருந்து 'டிட் நொட் கோ' என்பதற்குச் செல்லும் பாலம் முதலிற் கற்பிக்கப்படல் வேண்டும். தமிழோடு ஆங்கிலம் முரணும் வினாவுக்கும் முற்றுக்காலத்துக்கும் கூடிய நேரம் ஒதுக்கப்படல் வேண்டும்.

மேலும், சாதாரண இறந்தகாலம் அடிப்படையில் நடந்ததை எடுத்துரைக்கும் காலமாகும். நடந்ததை எடுத்துரைக்க இக்கரையோர மக்களிடம் பொருளுக்குப் பஞ்சமில்லை. மருதமுனையின் கைத்தறி, வயல்வெளிகளின் அறுவடை, கரைவலை, 2004 டிசம்பர் 26இல் வந்த கடல் ஆகிய யாவும் பிள்ளைகளின் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படும் கதைகள். இவற்றைத் தம் சொற்களிற் கூறி, பின் ஆங்கிலத்தில் எழுத மாணவர் பயிற்றப்படுவாராயின், காலம் நிரலில் மனனஞ் செய்யும் வடிவமாக இராது. தமக்கு நேர்ந்ததைப் பிறர்க்கு உணர்த்தும் கருவியாகும். தம் மக்களின் வரலாற்றைத் தாமே உலகுக்கு எடுத்துக்கூறும் ஆற்றலை வேண்டிநிற்கும் ஒரு சமூகத்திற்கு இது சிறிய விடயமன்று.